மார்க் கேட்காத ஸ்காலர்ஷிப்: ஃபுளோரிடாவின் ‘பெப்’ பணமும் அதன் கணக்கும்

ஸ்காலர்ஷிப் என்றதும் நம்மில் பலருக்கு மார்க் ஷீட்டும் வருமானச் சான்றிதழும்தான் நினைவுக்கு வரும். நன்றாகப் படிக்கிற பிள்ளைக்கோ, கஷ்டப்படுகிற வீட்டுப் பிள்ளைக்கோ கொடுப்பது. அதனால் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், டாம்பா பக்கம் இருக்கும் என் சித்தி மகள் ஒரு நாள் போன் செய்து, “அண்ணா, பையனை ஸ்கூலை விட்டு நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைச்சா வருஷத்துக்கு எட்டாயிரம் டாலர் ஸ்காலர்ஷிப் தர்றாங்களாம், நம்பலாமா?” என்று கேட்டபோது, ஏதோ மோசடி மெசேஜ் வந்திருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவள் வீட்டில் இரண்டு பேரும் ஐ.டி. வேலையில் இருப்பவர்கள். பையன் கணக்கில் சுமார்.

மோசடி இல்லை, உண்மைதான். அந்த மாநிலத்தில் 2023இலிருந்து இருக்கிற திட்டம் இது. பெர்சனலைஸ்டு எஜுகேஷன் புரோகிராம் என்று முழுப்பெயர். அங்கே எல்லோரும் ‘பெப்’ என்றுதான் சொல்கிறார்கள். பிள்ளையின் மார்க்கை யாரும் கேட்பதில்லை. பெற்றோரின் சம்பளம் அதிகம் என்று தள்ளுவதும் இல்லை. கேட்பது வேறொன்று: உங்கள் பிள்ளை இனி அரசுப் பள்ளி மாணவன் இல்லை, தனியார் பள்ளி மாணவன் இல்லை, சட்டம் சொல்லும் வீட்டுக்கல்வி மாணவனும் இல்லை, நாலாவதாக ஒரு வகை, இதற்குச் சம்மதமா? பணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். பின்னால் வருகிற சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

இந்த நாலாவது வகை எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் விதிகள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் புரியும்.

1999இல் ஜெப் புஷ் ஃபுளோரிடாவின் கவர்னராக இருந்தபோது, திரும்பத் திரும்பத் தோல்வித் தரம் வாங்கிய அரசுப் பள்ளிகளின் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குப் போக மாநிலம் பணம் கொடுக்கும் திட்டம் ஒன்று வந்தது. மாநிலக் கஜானாவிலிருந்து நேராகப் பணம். வழக்கு போட்டார்கள். 2006 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்தது. ஒரே சீரான இலவசப் பொதுப்பள்ளி முறையை நடத்த வேண்டும் என்று மாநில அரசியல் சாசனம் சொல்கிறது. அதற்கான பணத்தை எடுத்து, அதற்குப் போட்டியாக, அந்தச் சீருக்குள் வராத இன்னொரு முறையை வளர்க்கக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் அதற்குள் பக்கவாட்டில் இன்னொரு கதவு திறந்திருந்தது. 2001இல் வந்த வரிச்சலுகைத் திட்டம். கம்பெனிகள் மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய வரியைக் கட்டாமல், அங்கீகரிக்கப்பட்ட லாபநோக்கற்ற அமைப்பு ஒன்றுக்கு நன்கொடையாகக் கொடுக்கலாம். நம்மூர் வருமான வரியில் நன்கொடைக்கு இருக்கும் 80ஜி பிரிவு மாதிரி வருமானத்தில் கழித்துக்கொள்கிற விஷயம் இல்லை இது. கொடுத்த ஒவ்வொரு டாலருக்கும் கட்ட வேண்டிய வரியிலேயே ஒரு டாலர் முழுசாகக் கழியும். அந்த அமைப்பு பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் கொடுக்கும். பணம் கஜானாவுக்குள் வரவே இல்லை, அதனால் அரசுப் பணம் இல்லை என்பது வாதம். ஆசிரியர் சங்கம் 2014இல் இதையும் எதிர்த்து வழக்குப் போட்டது. வழக்குப் போட உங்களுக்கு உரிமை இல்லை என்றே கீழ் நீதிமன்றங்கள் தள்ளின; 2017இல் மாநில உச்ச நீதிமன்றம் எடுத்து விசாரிக்கவும் மறுத்துவிட்டது. ஒரு பக்கம் அடைத்தால் மறு பக்கம் வழி கண்டுபிடிக்கிற இந்தச் சாமர்த்தியத்தைப் பாராட்டுவதா திட்டுவதா என்பது அவரவர் அரசியலைப் பொறுத்தது. ‘பெப்’ இந்தக் கதவின் வழியாகத்தான் வந்தது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். விண்ணப்பிக்கும்போது இது கைகொடுக்கும்.

‘தனிப்பட்ட’ கல்வி என்ற யோசனை வந்த வழி இன்னொன்று. அது உடல், மன வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் வழியாக வந்தது. ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், பெருமூளை வாதம் உள்ள பிள்ளைக்கு ஒரு பள்ளியின் ஃபீஸைக் கட்டினால் மட்டும் போதாது. பேச்சுப் பயிற்சி ஒரு இடத்தில், கைப் பயிற்சி ஒரு இடத்தில், பாடம் ஒரு இடத்தில் என்று வாரம் முழுக்க அலைவார்கள். 2014இல் ஃபுளோரிடா இவர்களுக்காக ஒரு கணக்கைத் திறந்தது. பணம் பள்ளிக்குப் போகாமல் பிள்ளையின் பெயரில் இருக்கும் கணக்குக்குப் போகும், பெற்றோர் அதைத் தெரபிக்கும் டியூஷனுக்கும் புத்தகத்துக்கும் பிரித்துச் செலவழிக்கலாம். 2016இல் அதற்குக் கார்டினர் ஸ்காலர்ஷிப் என்று பெயர் மாற்றினார்கள்; மாநில செனட்டின் தலைவராக இருந்த ஆண்டி கார்டினரின் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம். 2021இல், குறைபாடுள்ள பிள்ளைகளுக்கே இருந்த பழைய மெக்கே ஸ்காலர்ஷிப்பையும் இதையும் சேர்த்து, ஃபேமிலி எம்பவர்மென்ட் ஸ்காலர்ஷிப் என்ற மாநிலத் திட்டத்தின் ‘யுனிக் எபிலிட்டீஸ்’ பிரிவாக்கினார்கள்.

2023 மார்ச் 27 அன்று கவர்னர் ரான் டிசான்டிஸ் கையெழுத்திட்ட சட்டம் இந்த இரண்டு வழிகளையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது. தனியார் பள்ளி ஸ்காலர்ஷிப்புக்கு இருந்த வருமான வரம்பு போனது. குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு மட்டும் இருந்த ‘கணக்கு’ முறை, பள்ளிக்கே போகாத எந்தப் பிள்ளைக்கும் என்று விரிந்தது. அந்த விரிவுக்குப் பெயர்தான் ‘பெப்’.

இடம் ஒரேயடியாகத் திறக்கவில்லை. முதல் ஆண்டில் 20,000 பிள்ளைகள், பிறகு ஆண்டுக்கு 40,000 கூடும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். அப்படி 2024-25இல் 60,000, 2025-26இல் ஒரு லட்சம், 2026-27இல் 1,40,000. அதற்கப்புறம் உச்சவரம்பு இல்லை. ஏற்கெனவே இருப்பவர்களுக்கு முதல் இடம். அப்புறம் மத்திய அரசின் வறுமைக்கோட்டில் 185 சதவீதத்துக்கு உட்பட்ட வருமானம் உள்ள குடும்பங்களும் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளும். பிறகு 400 சதவீதம் வரை உள்ளவர்கள். கடைசியில் மற்றவர்கள். ஆக, சம்பளம் தடை இல்லை என்பது சரிதான். ஆனால் வரிசையில் எங்கே நிற்கிறோம் என்பதைச் சம்பளம் தீர்மானிக்கும். என் சித்தி மகள் போன்றவர்கள் வரிசையின் வாலில் நிற்பவர்கள். விண்ணப்பம் திறக்கும் வாரத்திலேயே போடுவது நல்லது என்று அவளிடம் சொன்னேன்.

எட்டாயிரம் டாலர் என்பது சராசரி. அரசுப் பள்ளியில் அந்தப் பிள்ளை படித்தால் மாநிலம் எவ்வளவு செலவழித்திருக்குமோ அதைவைத்துக் கணக்கிடுகிறார்கள். எந்த கவுன்ட்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி), எந்த வகுப்பு என்பதைப் பொறுத்துச் சில நூறு டாலர் கூடும், குறையும். தொகை மொத்தமாக வராது. ஆண்டுக்கு நான்கு தவணை. அதுவும் கையில் வராது. இங்கேதான் ‘பணம் கிடைக்கும்’ என்ற பேச்சு கொஞ்சம் தப்பு வழிக்குக் கொண்டுபோகிறது.

யாரிடம் விண்ணப்பிப்பது? கவுன்ட்டி அலுவலகத்திலோ மாநிலக் கல்வித்துறையிலோ இல்லை. வரிச்சலுகைக் கதவு நினைவிருக்கிறதா? கம்பெனிகள் நன்கொடை கொடுக்கிற அந்த லாபநோக்கற்ற அமைப்புகள்தான் விண்ணப்பம் வாங்கி, தகுதி பார்த்து, கணக்கைத் திறந்து, செலவைச் சரிபார்க்கின்றன. பெரியது ஸ்டெப் அப் ஃபார் ஸ்டூடன்ட்ஸ். இன்னொன்று ஏஏஏ ஸ்காலர்ஷிப் ஃபவுண்டேஷன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். நிர்வாகச் செலவுக்கென்று ஒரு சிறு சதவீதத்தை எடுத்துக்கொள்ள இவற்றுக்குச் சட்டமே அனுமதி கொடுக்கிறது. கல்வித்துறையைக் கூப்பிட்டு ‘எங்க விண்ணப்பம் என்னாச்சு’ என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடைக்காததன் காரணம் இதுதான். ரேஷன் கார்டுக்குப் பஞ்சாயத்து ஆபீஸில் நின்ற கதை.

ஆவணங்கள் பெரிதாக இல்லை. பெற்றோரின் அடையாள அட்டை, பிள்ளையின் பிறந்த தேதிக்கு ஆதாரம், ஃபுளோரிடாவில் குடியிருப்பதற்கான ஆதாரம். கரன்ட் பில், வாடகை ஒப்பந்தம் போன்றவை போதும். பிள்ளை அந்த மாநிலத்தில் குடியிருக்க வேண்டும், அங்கே அரசுப் பள்ளியில் சேரத் தகுதி உள்ள வயதாக இருக்க வேண்டும் என்பதுதான் சட்டம் பார்ப்பது. பெற்றோர் அமெரிக்கக் குடிமக்களா என்பது தகுதிப் பட்டியலில் இல்லை. எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பணம் வேறெங்காவது சிக்கல் தருமா என்று பயம் இருந்தால், சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்பதைவிட விசா வேலை பார்க்கும் வக்கீலிடம் ஒரு முறை கேட்டுவிடுவது மேல்.

விண்ணப்பத்தில் ஒரு பக்கம் வரும். அந்தப் பக்கத்தில்தான் அவள் மறுபடி போன் செய்தாள். “அண்ணா, இதுல எதை அமுக்கணும்? மூணு நாலு ஸ்காலர்ஷிப் பேர் இருக்கு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கு.”

ஒரே மாதிரித்தான் தெரியும். முழுநேரத் தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு ஒன்று. குறைபாட்டுக்கு மருத்துவரோ மனநல நிபுணரோ எழுதிய சான்றோ, பள்ளி தயாரித்த தனிக் கல்வித் திட்டமோ இருக்கும் பிள்ளைக்கு யுனிக் எபிலிட்டீஸ். எந்தப் பள்ளியிலும் முழுநேரமாகச் சேராத பிள்ளைக்கு ‘பெப்’. இதைத் தப்பாக அமுக்கினால் ஆண்டு முழுக்க அலைச்சல். ஆட்டிசமோ கற்றல் குறைபாடோ உள்ள பிள்ளையின் பெற்றோர் பலர், அக்கம்பக்கத்தில் எல்லோரும் ‘பெப்’ என்று சொல்வதைக் கேட்டு அதையே போடுகிறார்கள். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது யுனிக் எபிலிட்டீஸ். தொகை சராசரியாக அதிகம், தேவை அதிகமுள்ள பிள்ளைக்கு இன்னும் பல மடங்கு. தெரபிக்கும் செலவழிக்கலாம். மூன்று வயதிலிருந்தே கிடைக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை வாங்கும் பிள்ளை சட்டப்படி வீட்டுக்கல்வி மாணவனாகப் பதிந்திருக்கலாம். ‘பெப்’ வாங்கும் பிள்ளை அப்படி இருக்க முடியாது.

இந்தக் கடைசி விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஃபுளோரிடாவில் வீட்டுக்கல்விக்கு 1985இலிருந்து தனிச் சட்டம் இருக்கிறது. பெற்றோர் கவுன்ட்டிக் கல்வி அதிகாரிக்கு ஒரு கடிதம் கொடுப்பார்கள். பிள்ளையின் வேலைகளை ஒரு கோப்பில் சேர்த்து இரண்டு ஆண்டு வைத்திருப்பார்கள். வருஷத்துக்கு ஒரு முறை தகுதியுள்ள ஆசிரியர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்தாலும் போதும், தேர்வே எழுத வேண்டாம். அரசு காசு கொடுக்காது, அதிகம் தலையிடவும் செய்யாது. இந்தச் சுதந்திரத்துக்காகப் பல ஆண்டு போராடியவர்கள், ‘பெப்’ வந்தபோது சந்தோஷப்பட்டதைவிடப் பயந்ததுதான் அதிகம். காசு வந்தால் கயிறும் வரும் என்பது அவர்கள் வாதம். அதனால்தான் சட்டம் எழுதியவர்கள் இரண்டையும் வேறு வேறு பெட்டியில் போட்டார்கள். வீட்டுக்கல்விச் சட்டத்தில் கை வைக்காமல், பக்கத்தில் புதிதாக ஒரு வகையை உண்டாக்கினார்கள். வீட்டில் உட்கார்ந்து அதே மேஜையில் அதே அம்மா அதே புத்தகத்தைச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் காகிதத்தில் அந்தப் பிள்ளை வேறு ஆள்.

காகிதத்தில் வேறு ஆள் என்பதன் பலன் எங்கெல்லாம் வந்து இடிக்கும் என்று முதலில் தெரியாது. ஏற்கெனவே வீட்டுக்கல்வியில் பதிந்த பிள்ளைக்கு ‘பெப்’ கிடைத்தால், கவுன்ட்டிக்கு முடிவுக் கடிதமும் அந்த ஆண்டின் மதிப்பீடும் கொடுத்து அந்தப் பதிவை மூட வேண்டும். மறந்தால் ஒரே பிள்ளை இரண்டு பட்டியலில் இருக்கும். பட்டியல்களை ஒப்பிடும்போது பணம் நிற்கும். இன்னொன்று ஃபுளோரிடா வெர்ச்சுவல் ஸ்கூல். 1997இல் தொடங்கிய, மாநிலத்தின் ஆன்லைன் பள்ளி. வீட்டுக்கல்விப் பிள்ளைகள் அதில் தனித்தனிப் பாடங்களை இலவசமாக எடுக்கிறார்கள். ‘பெப்’ பிள்ளை அதே பாடத்தை எடுத்தால் ஸ்காலர்ஷிப் பணத்திலிருந்து கட்டணம் போகும். காரணம் எளிது. அந்தப் பிள்ளைக்கான பங்கை மாநிலம் ஏற்கெனவே கணக்கில் போட்டுவிட்டது, இரண்டாவது முறை கொடுக்காது. வருஷத்துக்கு ஐந்தாறு பாடம் வெர்ச்சுவல் ஸ்கூலிலேயே இலவசமாக எடுத்துக்கொண்டிருந்த குடும்பம் எட்டாயிரத்துக்கு ஆசைப்பட்டு மாறினால், அதில் நல்ல பங்கு முன்பு சும்மா கிடைத்ததற்கே போய்விடும். கணக்குப் போட்டுப் பார்க்காமல் மாறக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

சரி, இடம் கிடைத்துவிட்டது. அப்புறம் என்ன?

ஸ்டூடன்ட் லேர்னிங் பிளான் என்று ஒன்றை எழுத வேண்டும். ஆண்டுக்கொரு முறை. பிள்ளை என்னென்ன படிக்கப் போகிறது, எதற்கு உதவி வேண்டும், எந்தச் சேவையெல்லாம் வாங்கப் போகிறோம் என்பதை அந்த அமைப்புக்குக் கொடுக்க வேண்டும். இது பெரிய ஆய்வறிக்கை ஒன்றும் இல்லை. சித்தி மகள் எழுதியதைப் பார்த்தேன். கணக்கு: பின்னம் இன்னும் தடுமாறுகிறான், வாரம் இரண்டு மணி நேரம் டியூஷன். அறிவியல்: வீட்டில் செய்முறைப் பெட்டி, மைக்ரோஸ்கோப். ஆங்கிலம்: ஒரு பாடத்திட்டம் வாங்கி அம்மாவே. இசை: வயலின். அவ்வளவுதான், ஒரு பக்கம். முதலில் அவள் எழுதியது நான்கு பக்கம். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிற மாதிரி. அதைப் படித்துவிட்டு, ‘பத்து வயசுப் பையனுக்கா?’ என்று கேட்டேன், அவளே சிரித்துவிட்டுக் குறைத்தாள். ஆனால் இந்த ஒரு பக்கத்துக்கு மதிப்பு உண்டு. பின்னால் ஒரு செலவைக் காட்டும்போது, இது படிப்புக்கா, பொழுதுபோக்குக்கா என்று சந்தேகம் வந்தால், திட்டத்தில் அது இருக்கிறதா என்பது பேசும்.

ஆண்டில் ஒரு முறை பொதுவான தேர்வொன்றையும் எழுத வேண்டும். நாட்டின் மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு மதிப்பெண் தருகிற அங்கீகரிக்கப்பட்ட தேர்வோ, மாநிலத் தேர்வோ எதுவும் சரி. மதிப்பெண் இவ்வளவு இருந்தால்தான் அடுத்த ஆண்டு பணம் என்று இல்லை. எழுதியதற்கான முடிவை ஒப்படைக்க வேண்டும், அவ்வளவே. மார்க் கேட்காத ஸ்காலர்ஷிப் மார்க்கைப் பார்ப்பது இந்த ஒரு இடத்தில்தான், அதுவும் பார்த்துவிட்டு வைத்துக்கொள்ளும்.

செலவுதான் இதில் அசல் வேலை. பணம் ஒரு ஆன்லைன் கணக்கில் எண்ணாக நிற்கும். அதைச் செலவழிக்க மூன்று வழி. அந்தத் தளத்திலேயே இருக்கும் கடையில் புத்தகம், கருவி வாங்குவது ஒன்று. விலை கணக்கிலிருந்து நேராகக் கழியும். அங்கே பதிவு செய்த டியூஷன் ஆசிரியருக்கோ மையத்துக்கோ நேராகக் கொடுப்பது இரண்டு. கைக்காசைப் போட்டுவிட்டு ரசீதை ஏற்றித் திரும்பப் பெறுவது மூன்று. எல்லோரும் மாட்டிக்கொள்வது இந்த மூன்றாவதில்.

வயலின் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊரில் ஒரு மாமி வீட்டில் சொல்லித் தருகிறார். மாதம் முடிந்ததும் போனில் பணம் அனுப்பிவிடுவார்கள். ரசீது என்று ஒன்று கிடையாது. கேட்டால் மாமிக்கே வருத்தம் வரும், ‘எங்கிட்டேயா ரசீது கேக்கறே’ என்று. ஸ்காலர்ஷிப் பணத்தில் அந்த வகுப்பு சேர வேண்டுமென்றால், மாமியின் பெயர், பிள்ளையின் பெயர், எந்தெந்தத் தேதியில் என்ன வகுப்பு, எவ்வளவு, பணம் போனதற்கான சான்று எல்லாம் வேண்டும். அதோடு மாமிக்குத் தகுதி வேண்டும். பகுதிநேர டியூஷன் சொல்லித்தருபவர் யார் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது: மாநில ஆசிரியர் சான்றிதழ் உள்ளவர், அல்லது பகுதிநேர ஆசிரியருக்கான சான்றிதழ் உள்ளவர், அல்லது அந்தப் பாடத்திலேயே இளங்கலைப் பட்டமாவது பெற்றவர், அல்லது அந்தப் பாடத்தில் தேர்ச்சியை முறையாக நிரூபித்தவர். மாமி சென்னையில் இசையில் பி.ஏ. முடித்தவர். அந்தச் சான்றிதழ் மாம்பலத்து வீட்டுப் பரணில், அவர் அம்மாவின் பெட்டிக்குள் இருந்தது. அங்கிருந்து படம் எடுத்து அனுப்பி, அது வந்து சேர்ந்து, அவர் பதிவு செய்து முடிக்க இரண்டு மாதம் ஆனது. அதுவரை கைக்காசுதான்.

பாடம் சொல்லித்தருபவர் வாங்கிய பணத்தில் ஒரு பகுதியைப் பெற்றோருக்குத் திருப்பிக் கொடுப்பது சட்ட விரோதம். தன் பிள்ளைக்குத் தானே பாடம் எடுத்துவிட்டு அதற்கு ஃபீஸ் எழுதிக்கொள்வதும் நடக்காது. இதெல்லாம் யாருக்குத் தோன்றும் என்று கேட்காதீர்கள். தோன்றியதால்தான் விதி.

எதையெல்லாம் வாங்கலாம் என்பதற்கு ஒரு கையேடு உண்டு. தொடங்கிய 2023இல் அந்தக் கையேட்டைப் பார்த்த பத்திரிகைகள் கொதித்தன. பெரிய டிவி, தண்ணீர் விளையாட்டுப் பலகை, தீம் பார்க் டிக்கெட் எல்லாம் அனுமதிப் பட்டியலில் இருந்தன. உலகப் புகழ்பெற்ற தீம் பார்க்குகள் இருக்கிற மாநிலம், பிள்ளைகளுக்கு அது ‘களப்பயணம்’ என்று சொல்லிக்கொள்ளலாம்தான். 2024இல் சட்டத்தைத் திருத்தி, அமைப்புகள் ஒன்றுசேர்ந்து ஒரே கையேடு தயாரிக்க வேண்டும் என்றார்கள். இப்போது கையேடு ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைத்தது என்பது ஆதாரமே இல்லை. விலை உயர்ந்த பொருளாக இருந்தால் வாங்குவதற்கு முன்பே அனுமதி கேட்டு, அந்த அனுமதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு வாங்குவதுதான் புத்திசாலித்தனம். செலவழியாத பணம் அடுத்த ஆண்டுக்குப் போகும், அதனால் மார்ச் மாதம் வந்துவிட்டதே என்று கண்டதை வாங்கித் தள்ள வேண்டியதும் இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 2023இல் சட்டமன்றத்தின் கீழவைக் கணிப்பு, புதிய செலவு ஏறத்தாழ 21 கோடி டாலர் என்றது. ஃபுளோரிடா பாலிசி இன்ஸ்டிடியூட் என்ற ஆய்வு அமைப்பு 400 கோடி என்றது. அப்போது அதை மிகை என்று தள்ளினார்கள். ஸ்காலர்ஷிப் வாங்கும் பிள்ளைகளின் மொத்த எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டிய பிறகு யாரும் 21 கோடியைப் பற்றிப் பேசுவதில்லை. வருமான வரம்பு போன முதல் ஆண்டில் புதிதாகச் சேர்ந்தவர்களில் 69 சதவீதம் பேர் ஏற்கெனவே தனியார் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் என்பது ஸ்டெப் அப் அமைப்பே வெளியிட்ட கணக்கு. அரசுப் பள்ளியிலிருந்து வெளியே வந்தவர்கள் 13 சதவீதம்தான். அதாவது, வழியில்லாத குடும்பத்துக்கு வழி திறந்ததைவிட, ஏற்கெனவே வழி வைத்திருந்தவருக்குச் செலவு குறைந்ததுதான் அதிகம். இது தனியார் பள்ளி ஸ்காலர்ஷிப்பின் கணக்கு, ‘பெப்’ வேறு என்று சொல்லலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பகல் முழுக்க ஒருவர் வீட்டில் இருக்க முடிகிற குடும்பம், இங்கிலீஷில் விதி படித்து ரசீது ஏற்றத் தெரிந்த குடும்பம், திரும்ப வரும்வரை கைக்காசு போடக்கூடிய குடும்பம். ‘பெப்’பும் அந்தக் குடும்பத்துக்குத்தான் எளிதாக வளைகிறது. என் சித்தி மகளுக்கு வீட்டிலிருந்து வேலை. இரண்டு ஷிஃப்ட் ஹோட்டல் வேலை பார்க்கும் தாய்க்கு வரிசையில் முதல் இடம் கொடுத்து என்ன, வீட்டில் பிள்ளையோடு உட்கார ஆள் வேண்டாமா?

2025 இறுதியில் மாநிலத்தின் தணிக்கைத் தலைவர் அலுவலகம் இந்த ஸ்காலர்ஷிப் நிதியைப் பற்றி ஒரு கடுமையான அறிக்கை கொடுத்தது. பணம் பிள்ளையைப் பின்தொடரும் என்று சொல்லி விற்ற திட்டத்தில், பணம் பிள்ளையைப் பின்தொடரவில்லை என்பதே அதன் குற்றச்சாட்டு. ஒரு பிள்ளை ஸ்காலர்ஷிப் பட்டியலிலும் இருக்கிறது, அரசுப் பள்ளி வருகைப் பட்டியலிலும் இருக்கிறது. யார் பெயரில் பணம் போவது? நடு ஆண்டில் பள்ளி மாறும் பிள்ளைகள் நிறைய இருக்கும் மாநிலத்தில் இது சின்ன விஷயம் இல்லை. சரிபார்த்து முடிக்கும்வரை கணக்கு உறைந்துபோய் நிற்கும், குடும்பமும் பள்ளியும் இரண்டு பக்கமும் காத்திருக்கும். மேலே சொன்ன முடிவுக் கடிதத்தை நான் இவ்வளவு வற்புறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

ஃபுளோரிடாவில் இல்லாதவர்களுக்கும் இது வெறும் வேடிக்கைச் செய்தி இல்லை. அரிசோனாவில் 2011இல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்காகத் தொடங்கிய இதே மாதிரிக் கணக்கு 2022இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் விரிந்தது. மேற்கு வர்ஜீனியாவில் ஹோப் ஸ்காலர்ஷிப் இருக்கிறது. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் டெக்சஸ் 2025இல் 100 கோடி டாலரில் சட்டம் கொண்டுவந்தது. 2026-27இலிருந்து தனியார் பள்ளிப் பிள்ளைக்குப் பத்தாயிரம் டாலரை ஒட்டி, வீட்டுக்கல்விப் பிள்ளைக்கு 2,000 டாலர் வரை. பாருங்கள், ஃபுளோரிடா ‘பெப்’புக்கும் பள்ளிக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை கொடுக்கிறது, டெக்சஸ் ஐந்தில் ஒன்று. ஒரு மாநிலத்தில் கேட்டதை இன்னொரு மாநிலத்தில் நம்பி வேலையை விட்டுவிடக் கூடாது. மத்திய அரசும் 2027 ஜனவரியிலிருந்து இப்படிப்பட்ட அமைப்புகளுக்கு நன்கொடை தரும் தனிநபருக்கு 1,700 டாலர் வரை வரியில் கழிவு தருகிறது, அந்தந்த மாநிலம் சேர்ந்துகொண்டால். 2001இல் ஃபுளோரிடா கண்டுபிடித்த பக்கவாட்டுக் கதவு அப்படியே வாஷிங்டன் வரை போயிருக்கிறது.

சித்தி மகள் வீட்டில் ஒரு வருஷம் ஓடியது. பையனுக்குப் பின்னம் பிடிபட்டது; அது டியூஷனால் வந்ததா, வயதால் வந்ததா என்று தெரியாது. ரசீதுக்கென்று அவள் வைத்திருந்த பச்சை ஃபைல் இரண்டானது. ஏழு செலவை ஏற்காமல் திருப்பி அனுப்பினார்கள், அதில் ஐந்து பணம் போனதற்கான சான்று இல்லாததால். இரண்டாவது வருஷம் தொடங்கும் முன், பையன் பக்கத்து அரசுப் பள்ளியின் பேண்ட் குழுவில் டிரம்பெட் வாசிக்க வேண்டும், நண்பர்களோடு பஸ்ஸில் போக வேண்டும் என்று அடம் பிடித்தான். பள்ளியில் சேர்த்த அன்றே அந்த அமைப்புக்கும் தெரிவித்துக் கணக்கை மூடச் சொன்னேன். மூடிவிட்டாள். மாமியிடம் வயலின் மட்டும் சனிக்கிழமைகளில் தொடர்கிறது, ரசீது இல்லாமல்.